பெண்ணையாற்றுப் பாறையும் கல்வராயன் மலையும்

(அரையாண்டு விடுமுறைக்கு முன்பு கள்ளக்குறிச்சியில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்னும் சில நாளில் பரீட்சை முடிந்துவிடும். வீடுகளில் பேச்சும் தொடங்கியிருக்கும். ஊட்டிக்குப் போகலாமா, ஏற்காட்டுக்குப் போகலாமா, சென்னைக்குப் போய்க் கடற்கரையைக் காட்டிவிட்டு வரலாமா என்று. போகக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் சென்னையிலிருந்து சேலம் போகும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் நம் மாவட்டத்தை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படியேதான் நாமும் அதைப் பார்க்கிறோம். உளுந்தூர்பேட்டையில் ஒரு தேநீர், தியாகதுர்கத்தில் தூரத்தில் ஒரு குன்று, கள்ளக்குறிச்சியில் ஒரு நெரிசல், பிறகு சின்னசேலம். அவ்வளவுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் இவ்வளவுதான் தெரியும் என்றால் அது நம் குறை. 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனோம். மாவட்டம்தான் புதிது, ஊர்கள் ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை.

இன்று நான் வற்புறுத்த வந்தது ஒன்றே ஒன்று. இந்த மாவட்டத்தின் பழைய கட்டடங்களையும் கல்வராயன் மலையையும் பிள்ளைகளோடு ஒரே பயணமாகப் பாருங்கள். பிரித்துப் பார்த்தால் கோயில் தேங்காய் உடைக்கிற இடமாகவும், மலை அருவியில் குளிக்கிற இடமாகவும் நின்றுவிடும். சேர்த்துப் பார்க்கும்போதுதான், கட்டியவர்கள் தங்கள் கற்பனையை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது கண்ணுக்குப் பிடிபடும்.

இந்த எண்ணம் எனக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் வேலை காரணமாகக் கொஞ்ச காலம் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரத்தில் குடும்பத்தோடு இருந்தான். உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் குடும்பங்கள் விடுமுறைக்கு அங்கே போகின்றன. பெரும்பாலும் ஒரே ஒரு மனிதரின் கட்டடங்களைப் பார்ப்பதற்காக. அவர் பெயர் அந்தோனி கௌதி. 1852இல் பிறந்தவர், 1926இல் டிராம் மோதி இறந்தார். அவர் கட்டிய அடுக்குமாடி வீடு ஒன்றின் முகப்பில் நேர்க்கோடே இல்லை. கல்லைக் குடைந்து எடுத்ததுபோல் இருந்ததால் ஊர்மக்கள் அதற்குக் கல்குவாரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சக்ராதா ஃபமீலியா என்ற பெரிய தேவாலயம் 1882இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. உள்ளே தூண்கள் மேலே போகப் போகக் கிளை பிரிகின்றன. தலை நிமிர்ந்து பார்த்தால் காட்டுக்குள் நிற்கிற உணர்வு வருமாம். அவர் காலத்துக்குப் பின்னும் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை நடந்து வருகிறது.

அந்தத் தேவாலயத்தின் நடுக்கோபுரத்துக்கு அவர் குறித்த உயரம் 172.5 மீட்டர். நகரத்தை ஒட்டி நிற்கும் மொன்ஜூயிக் குன்றைவிட அது சற்றுக் குறைவு. மனிதன் கட்டுவது இறைவன் படைத்த குன்றைத் தாண்டக் கூடாது என்று அவர் நினைத்தார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் இதற்கு வருவேன்.

பார்சிலோனா பார்க்கிறவர்கள் மறுநாள் மொன்செராட் மலைக்கும் போவார்கள். விரல் விரலாக எழுந்து நிற்கும் பாறைகள் கொண்ட மலை அது. அங்கே போய்வந்த என் மருமகள் தொலைபேசியில், "மாமா, மலையைப் பார்த்த பிறகுதான் அந்தக் கட்டடமே புரிந்தது" என்றாள். அந்த வார்த்தை என் மனத்தை விட்டுப் போகவில்லை. அவர்கள் ஊருக்கு வந்த விடுமுறையில் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, என் மனைவி, மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லோருமாகக் கிளம்பினோம். ஆளுக்கொரு ஓவிய நோட்டும் பென்சிலும் கொடுத்துவிட்டேன். கைப்பேசியில் படம் எடுக்கலாம், ஆனால் முதலில் வரைய வேண்டும் என்பது மட்டும்தான் நான் போட்ட நிபந்தனை.

முதலில் திருக்கோவிலூர். தென்பெண்ணையின் தென்கரை. சங்க காலத்தில் மலையமான் திருமுடிக்காரி ஆண்ட கோவல் இதுதான். கீழையூரில் இருக்கும் வீரட்டேஸ்வரர் கோயில் அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. சிவன் அந்தகாசுரனை அழித்த இடமாகப் போற்றப்படுவது. சாமி கும்பிட்டுவிட்டு எல்லோரும் வேன் ஏறிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கோயிலைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போங்கள். படுகையில் தனித்து ஒரு பெரும்பாறை தெரியும். அதன் உச்சியில் ஒரு சின்னஞ்சிறு கோயில். அதுதான் கபிலர் குன்று.

தமிழ்நாட்டில் நான் பார்த்த கட்டடங்களில் கற்பனை மிகுந்தது எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன். கட்டியவர்களுக்குக் கரையில் எவ்வளவோ நிலம் இருந்திருக்கும். அவர்கள் அதைத் தேடவில்லை. ஆறு எத்தனையோ காலமாக அரித்துப் பார்த்தும் அசையாத பாறையையே அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். அதன்மேல் கட்டும்போதும் பெரிதாக ஒன்றை எழுப்பிப் பாறையை மறைத்துவிடவில்லை. வெள்ளம் வரும்போது பாறையின் கால் முழுகும், மேலே கோயில் நிற்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நீர் திறந்தபோது பெண்ணையில் போன வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆற்றின் நடுவில்தான் இந்தக் கட்டடத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் பேரன் வரைந்த படத்தில் கோயில் பெரிதாகவும் பாறை சிறிதாகவும் இருந்தது. பேத்தி இளையவள், அவள் பக்கம் முழுவதும் பாறையை வரைந்துவிட்டு மேலே நகத்தளவு கோயிலை வைத்திருந்தாள். இருவருக்கும் சண்டை. யாருடையது சரி என்று என்னைக் கேட்டார்கள். மறுபடியும் பாருங்கள், பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்து பாருங்கள் என்றேன். அளந்தபோது பேத்தி பக்கம்தான் நியாயம் இருந்தது. கௌதி தன் கோபுரத்தைக் குன்றுக்குக் கீழே நிறுத்திய செய்தியை அப்போது என் மருமகள்தான் பிள்ளைகளுக்கு நினைவூட்டினாள். பார்சிலோனாவில் வியந்து கேட்ட அதே அடக்கத்தை, பெயர் தெரியாத நம் ஊர்க் கட்டடக்காரர் பெண்ணையாற்றில் செய்து காட்டியிருக்கிறார்.

அங்கே நின்றுகொண்டு கபிலரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வரக் கூடாது. குறிஞ்சி பாடுவதில் அவருக்கு இணை இல்லை. குறிஞ்சிப்பாட்டில் அவர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரியின் உயிர்த்தோழர். மூவேந்தர் பாரியைக் கொன்ற பிறகு, பாரியின் பெண்மக்களை அழைத்துக்கொண்டு, அவர்களுக்கு மணம் முடிக்க ஊர் ஊராக அலைந்தார். வீரட்டேஸ்வரர் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் இங்கே தீப்புகுந்தார் என்று சொல்கிறது. வடக்கிருந்து உயிர் விட்டார் என்று சொல்வோரும் உண்டு. எப்படியானாலும், தன் மலையை இழந்த மலைப் பாவலர் ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இந்த ஆற்றுப் பாறை என்பதை நம் மக்கள் ஆயிரம் ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதே கோயிலின் கல்வெட்டில் இன்னொரு பெயரும் இருக்கிறது: வானவன் மாதேவி. மலையமான் குலத்தில் பிறந்தவள், சுந்தர சோழனின் தேவி, இராசராச சோழனின் தாய். கணவன் இறந்தபோது தீப்பாய்ந்தாள் என்று கல்வெட்டு கூறுகிறது. 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்தவனின் தாய்வீடு இந்தப் பக்கம் என்பது நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? தஞ்சாவூர் சுற்றுலா போகும்போது இதைச் சொல்லி அழைத்துப் போங்கள்.

திருக்கோவிலூரில் அடுத்தது உலகளந்த பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கோபுரம் 192 அடி. தமிழ்நாட்டின் உயரமான கோபுரங்களின் வரிசையில் வைத்துப் பேசப்படுவது. உள்ளே பெருமாள் ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கி, உலகத்தை அளந்த கோலத்தில் நிற்கிறார். மரத்தால் ஆன திருமேனி என்பது கோயில் மரபு. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, இதே தலத்தோடு சேர்ந்த இடைகழிக் கதை. மழை இரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம் என்கிற அளவு இடம். பூதத்தாழ்வார் வந்தார், இருவர் உட்காரலாம் என்றார்கள். பேயாழ்வார் வந்தார், மூவர் நிற்கலாம் என்றார்கள். இருட்டில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள். வந்தவர் யார் என்று காண ஒருவர் உலகையே விளக்காக ஏற்றினார், ஒருவர் அன்பை விளக்காக ஏற்றினார், மூன்றாமவர் பெருமாளைக் கண்டுவிட்டேன் என்று பாடினார். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் மூன்று திருவந்தாதிகள் பிறந்த இடமாக இதை வைணவர்கள் கொண்டாடுகிறார்கள்.

கட்டடம் பார்க்கப் போகிற குடும்பத்துக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. உலகத்தையே தாவி அளந்த கடவுளை, மூன்று பேர் நிற்க முடிந்த ஓர் இடைகழியில், நம் பேச்சில் ரேழியில், கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மிகப் பெரியதையும் மிகக் குறுகியதையும் ஓர் ஊரில் சேர்த்து வைத்த கற்பனை அது. நம் பழைய வீடுகளில் ரேழி இருந்தது, திண்ணை இருந்தது. இன்று வீடு கட்டுகிற நாம் அந்த இடங்களை வீண் என்று நினைத்து அறைகளோடு சேர்த்துவிட்டோம். மழைக்கு ஒதுங்குகிற அந்நியருக்கு நம் வீட்டில் இப்போது இடம் இல்லை. என் மகன் இப்போது இருக்கும் பெங்களூர் அடுக்ககத்திலும் இல்லை. கள்ளக்குறிச்சியில் புதிதாக எழும் வீடுகளிலும் இல்லை.

திருக்கோவிலூரிலிருந்து உளுந்தூர்பேட்டைப் பக்கம் போக நேரம் இருந்தால், திருநறுங்கொண்டைக்குப் போங்கள். சிறிய பாறைக் குன்றின்மேல் சமணர்களின் அப்பாண்டைநாதர் கோயில் இருக்கிறது. படியேறிப் போனால், பெரிய பாறையிலேயே பார்சுவநாதரைச் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. இங்கும் பாறை முதலில், கோயில் பிறகு. தமிழ்ச் சமணர்கள் இன்றும் வந்து வழிபடுகிற இடம் இது. காலணியைக் கீழேயே விட்டுவிட்டு அமைதியாகப் போய் வாருங்கள். மணலூர்பேட்டைக்கு அருகில் ஆதிதிருவரங்கம் இருக்கிறது. பள்ளிகொண்ட அரங்கநாதர் திருவரங்கத்துப் பெருமாளைவிடப் பெரியவர் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அங்கே பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது கோயில் வளாகத்தில் நிற்கிற பழைய நெற்களஞ்சியம். சாமிக்கு இருந்த மரியாதை நெல்லுக்கும் இருந்தது என்பது அதன் கட்டுமானத்தைப் பார்த்தாலே தெரியும்.

தியாகதுர்கத்தில் குன்றின்மேல் கோட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் மாறி மாறிப் பிடிக்க நினைத்த இடம். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதற்குப் பின் சில வாரங்களில் இதுவும் விழுந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பு ஏறி இறங்கிவிடுங்கள்.

கள்ளக்குறிச்சி நகரத்துக்கு வந்ததும் நேராக மரச்சிற்பக் கூடங்களுக்குப் போனோம். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகம் பேசத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் இன்றும் பல குடும்பங்கள் இந்தத் தொழிலில் இருக்கின்றன. தேக்கு, வாகை, வேம்பு, மாவிலங்கம் என்று மரத்துக்கு ஏற்ற வேலை. சாமி சிலைகள், வாகனங்கள், வாசல் நிலைக்கு மேலே வைக்கும் கஜலட்சுமி, தேருக்கான பலகைகள் எல்லாம் இங்கிருந்து வெளியூருக்குப் போகின்றன.

தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தை அணைத்துக்கொண்டு, உளியும் கொட்டாப்புளியுமாக வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் எங்களுக்காக எழுந்து வந்தார். எந்த ஊரிலும் கைவேலை செய்கிறவருக்கு நேரம்தான் கூலி என்பதால், நீங்கள் வேலையைப் பாருங்கள், நாங்கள் ஓரமாக நிற்கிறோம் என்றேன். "பிள்ளைங்க பார்க்கணும்னு வந்தா எனக்குச் சந்தோஷம்தான் சார்" என்று சொல்லிவிட்டு, முகத்தை எப்படி அளவு பிரிப்பது என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். முகத்தின் நீளத்தை ஓர் அளவாக வைத்து உடம்பு முழுவதையும் கணக்கிடும் தாலமுறை அது. நான் கரும்பலகையில் பல வருடம் நடத்திய பாடத்தை அவர் சில நிமிடத்தில் மரத்தில் நடத்திவிட்டார். பேரன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "ரேகை குறுக்கே வந்தா என்ன செய்வீங்க?" மரத்தின் ரேகை போகிற போக்குக்குத்தான் சேலையின் மடிப்பை வைப்போம், எதிர்த்தால் பிளந்துவிடும் என்றார்.

ஆற்றுப் பாறையில் கோயில் கட்டியவர் செய்ததும் இதுதான். இருக்கிற பொருளின் போக்கைப் படித்து, அதற்கு இணங்கி, அதிலிருந்து வடிவத்தை எடுப்பது. நம் பகுதியின் கட்டடக் கற்பனைக்கு நான் ஒரு இலக்கணம் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். அந்தப் பொருள்கள் விளைகிற இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் பாதிப் பாடம்தான் படித்ததாகும். அதனால் மறுநாள் காலை மலை.

கச்சிராயபாளையம் வழியாகப் போக வேண்டும். மார்கழியில் சாலை முழுக்கக் கரும்பு டிராக்டர்கள், பொறுமை வேண்டும். 46 அடி உயரக் கோமுகி அணையில் நிறுத்தி, எதிரே எழும் மலையைப் பிள்ளைகள் முழுதாகப் பார்க்கட்டும். ஏறத் தொடங்கிவிட்டால் மலை தெரியாது, வளைவுதான் தெரியும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன். சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பு. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பிரிவு. மேற்கே சேலம் மாவட்டத்தின் கருமந்துறை வரை போகிறது. இதன் பாறைகளில் பெரும்பகுதி சார்னோகைட் வகை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருவானவை. சாலையோரம் வெட்டிய மலை முகத்தில் கருநீலம் கலந்த அந்தக் கல்லைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கோமுகியும் மணிமுத்தாறும் இங்கே பிறந்து வெள்ளாற்றில் சேர்கின்றன. வடசரிவின் நீர் பெண்ணைக்குப் போகிறது. முதல் நாள் கபிலர் குன்றைச் சுற்றி ஓடக் கண்ட தண்ணீரில் இந்த மலையின் மழையும் கொஞ்சம் இருந்தது என்று சொன்னபோது, பேத்தி நோட்டில் மலையிலிருந்து பாறைவரை ஒரு நீலக் கோடு இழுத்துக்கொண்டாள்.

ஊட்டிக் குளிரை எதிர்பார்த்து வராதீர்கள். மூவாயிரம் அடியை ஒட்டிய மலை, காலையில் ஒரு சால்வை போதும். மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊருக்குப் போகும் வழியில் சாலையோரமாகவே பெரியார் அருவி இருக்கிறது. மேகம் அருவிக்கு நடக்க வேண்டும், உள்ளூர்க்காரர் துணை இல்லாமல் போக வேண்டாம். கோடையில் வந்தால் அருவி மெலிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த இந்த மாதங்களே ஏற்றவை.

ஆனால் அருவியோடு திரும்பினால் மலையைப் பார்த்ததாகாது. இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். தமிழ் பேசுகிறவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாகப் புறப்பட்டு, ஆளுக்கொரு மலைக்குப் போய்க் குடியேறினார்கள் என்று அவர்களிடம் ஒரு கதை உண்டு. மலைக்கு மேலே சேலம் பக்கத்துக் கரியராமர் கோயில் அவர்களுக்குப் பெரிய கோயில். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் பழைய முறையில் கட்டிய வீடு ஒன்றைப் பார்த்தோம். மூங்கில் தட்டியின்மேல் மண் பூசிய சுவர், புல் வேய்ந்த தாழ்ந்த கூரை, தானியம் வைக்க மேலே பரண். வீட்டுக்கார அம்மா, "உள்ளே வந்து பாருங்க, வெயில் தெரியாது" என்று கூப்பிட்டார். குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. உள்ளே குளிர்ச்சி. அந்த வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளும் கூப்பிடு தூரத்தில் விளைந்தது. கட்டடக் கலை படிக்கிற மாணவர்களைப் பார்சிலோனாவுக்கு அனுப்ப வசதி இருந்தால் அனுப்புங்கள். அதற்கு முன் இந்த வீட்டுக்கு அனுப்புங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு, மழைக்கு ஒழுகாத காங்கிரீட் வீடு வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அது நியாயமான ஆசை. நாம் பார்த்து ரசிப்பதற்காக அவர்கள் புல்கூரையிலேயே இருக்க வேண்டும் என்று நினைக்க நமக்கு உரிமை இல்லை.

இந்த மலையில் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரை நடந்தது. நாடு விடுதலை அடைந்து முப்பது ஆண்டு நெருங்கும்போதுதான் இது முழுதாக அரசின் கைக்கு வந்தது. சாலை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் இங்கே பின்தங்கியதற்கு அது ஒரு காரணம். 2024 ஜூனில் நம் நகரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு அழுகுரல் கேட்டதை நாம் மறக்க முடியாது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. வெளியூரில் இன்று கள்ளக்குறிச்சி என்று சொன்னால் அந்தச் சாவுகள்தான் நினைவுக்கு வருகின்றன. மலை என்றால் சாராயம் என்று பேசிப் பழகிவிட்டார்கள். சாமையும் தினையும் கடுக்காயும் தேனும் தருகிற ஒரு மக்கள் கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது. நம் பிள்ளைகள் அந்த மக்களை நேரில் சந்தித்துப் பேசி, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வந்தால், அந்தப் பேச்சை நாளைக்குப் பிள்ளைகளே மறுப்பார்கள்.

திரும்பும் வழியில் சின்னசேலம் சாலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள். மலைக் காட்டிலும் அடிவாரத்திலும் விளையும் கிழங்குதான் ஆலைகளில் ஜவ்வரிசி ஆகிறது. பாயசத்தில் குடிக்கிறோமே அதுவா என்று பேரன் கேட்டான். அதேதான்.

பெற்றோர்களிடம் சில வேண்டுகோள்கள். இரண்டு நாள் போதும், பெரிய செலவு ஆகாது. பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். படம் நன்றாக வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். கோடு போடும்போதுதான் கண் நின்று பார்க்கும். ஆற்றில் தண்ணீர் இருந்தால் கரையிலிருந்தே பாருங்கள், பாறைக்கு இறங்க வேண்டாம். அருவிக்கு மது பாட்டிலோ பிளாஸ்டிக்கோ கொண்டுபோகாதீர்கள்.

ஆசிரியர்களிடம் ஒன்று. பள்ளிச் சுற்றுலா என்றால் தீம் பார்க் என்று முடிவு செய்துவிடுகிறீர்கள். ஒரு வருடம் கபிலர் குன்றுக்குக் கூட்டிப்போங்கள். தமிழாசிரியர் கபிலரைச் சொல்லட்டும், வரலாற்று ஆசிரியர் கல்வெட்டைச் சொல்லட்டும், அறிவியல் ஆசிரியர் பாறையைச் சொல்லட்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் இந்த மேடை வழியாக ஒரு கோரிக்கை. கபிலர் குன்றுக்குப் போகும் வழியில் அவர் யார் என்று பிள்ளைகள் படித்தால் புரியும்படி, தெளிவான தமிழில் பெரிய பலகை ஒன்று வேண்டும். வெள்ளிமலையில் மலை மக்களே நடத்தும் விற்பனை நிலையமும் சுத்தமான கழிப்பறையும் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வேண்டும்.

கடைசியாக, மரச்சிற்பக் கூடத்தில் ஒரு பிள்ளையாரையாவது வாங்குங்கள். மலையில் ஒரு படி சாமையாவது வாங்குங்கள். இரண்டு இடத்திலும் பேரம் பேசாதீர்கள்.